புதிய முழங்கால், பழைய படிக்கட்டு

தோட்டத்தில் முழங்கால் வலி முதலில் தெரிவது இறக்கத்தில்தான். காலையில் பிரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏறும்போது அடங்கிக் கிடக்கும் வலி, கூடை நிறைந்த கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்கும்போது பிடித்துக்கொள்ளும். பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, பூனாகலை, தம்பேதன்னை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்திலும் ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் கேட்டால் ஒரே பேச்சுத்தான்: ஏறிவிடலாம், இறங்கத்தான் முடியவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையால் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்குகிறவர்களை எந்த மலையிலும் பார்க்கலாம்.

இந்தப் பேச்சில் உள்ள உண்மையை ஆய்வுகூடத்திலும் அளந்திருக்கிறார்கள். பாரத்தை அளக்கும் கருவியைச் செயற்கை முழங்காலுக்குள்ளேயே வைத்துப் பொருத்தி, அந்த நோயாளிகளை நடக்கவும் படி ஏறி இறங்கவும் வைத்து, மூட்டின் மீது விழும் சுமையை பெர்லின் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 2010இல் வெளியான அந்தக் கணக்கின்படி சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல் சுமார் 2.6 மடங்கு சுமை முழங்காலில் விழுகிறது. படி ஏறும்போது அது 3.2 மடங்கு ஆகிறது, இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கு. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் முதுகில் 15 கிலோ கொழுந்தோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடையின் பாரமும் சேரும்போது ஒவ்வொரு படியிலும் 200 கிலோவுக்கு மேல் ஒரு முழங்காலில் இறங்கும். ஒரு நாளைக்கு எத்தனை படி, ஒரு ஆயுளுக்கு எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

இந்த மூட்டுகளுக்கு இன்று ஒரு சத்திரசிகிச்சை இருக்கிறது. தேய்ந்த முழங்காலை உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் புதிதாக அமைத்துவிடலாம். உலகில் மிக அதிகமாகச் செய்யப்படும் எலும்புச் சத்திரசிகிச்சைகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தச் சிகிச்சையைப் பற்றி எழுதப்படும் அறிவுரைகள் எல்லாமே சமதரை வீட்டையும், கொமட் உள்ள குளியலறையையும், வாசலில் வந்து நிற்கும் காரையும் மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. லயத்துக்குத் திரும்பிப் போகும் முழங்காலுக்காக யாரும் எழுதுவதில்லை. சத்திரசிகிச்சை நடப்பது தியேட்டரில் என்றாலும் அது பலிப்பதும் பலிக்காமல் போவதும் காம்பராவின் வாசற்படியில்தான் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கட்டுரை அந்த வாசற்படியைப் பற்றியது.

உள்ளே என்ன நடக்கிறது

தொடை எலும்பின் முனையும் கணைக்கால் எலும்பின் தலையும் சந்திக்கும் இடம் முழங்கால். இரண்டு முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் தேயத் தொடங்கும்போது வலிக்காது, தேய்ந்தபின் தானாக வளரவும் செய்யாது. வலி தெரியும் நேரத்தில் தேய்மானம் பெரும்பாலும் அடியில் உள்ள எலும்பை நெருங்கியிருக்கும். உட்பக்கம் அதிகம் தேய்ந்தால் கால் வெளிப்பக்கமாக வில்போல் வளையும். வளைந்த காலில் பாரம் மீண்டும் அதே உட்பக்கத்தில்தான் விழும். வளைவு தேய்மானத்தைக் கூட்டும், தேய்மானம் வளைவைக் கூட்டும்.

வயது, பரம்பரை, உடற்பருமன், பழைய காயம் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. நெடுங்காலம் குந்தி, மண்டியிட்டு, பாரம் சுமந்து வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்துக் கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் பெண்களுக்கு வேலை மலையோடு முடிவதில்லை. பீலியிலிருந்து தண்ணீர் வாளி, விறகுக்கட்டு, தரையோடு தரையாக இருக்கும் அடுப்பு, குந்தி உட்காரும் கக்கூசு எல்லாமே அதே முழங்காலைக் கேட்கின்றன.

பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம் என்பது சட்டம். அந்தக் காசு மொத்தமாக வரும், மாதாமாதம் வரும் ஓய்வூதியம் ஒன்றும் கிடையாது. மகளின் கல்யாணம், வீட்டுக் கூரை, பழைய கடன் என்று அது கரைந்துவிடும். பிறகு பல பெண்கள் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். முழங்கால் ஓய்வு கேட்கும் வயதில்தான் இது நடக்கிறது.

வலி வந்ததும் முதலில் சித்தாலேபத் தைலம். பிறகு எண்ணெய் போட்டு உருவுதல், சிங்கள வெதமஹத்தயாவின் பத்து, பாமசியில் பெயர் தெரியாமல் வாங்கும் வலி மாத்திரை. தைலத்தால் கெடுதல் இல்லை, சூடும் உருவலும் சற்று ஆறுதல் தரும். நான் அஞ்சுவது அந்த மாத்திரைக்குத்தான். டைக்ளோபெனாக் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டே மலைக்குப் போகிறவர்கள் உண்டு. அது குடலில் புண்ணை உண்டாக்கும், பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். முழங்காலுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் சிறுநீரகம் கெட்டுப்போனதை அங்கே தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

முழங்கால் வலி உள்ள எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. டென்மார்க்கில் முழங்கால் மாற்றத்துக்குத் தகுதியானவர்கள் என்று தீர்மானிக்கப்பட்ட 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சையும் அதன்பின் பயிற்சியும், மறுபாதிக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு ஆலோசனை, காலணிக்குள் வைக்கும் அட்டை, வலி மருந்து மட்டும். 2015இல் வெளியான முடிவின்படி, இரண்டாவது பாதியில் ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள் நால்வரில் ஒருவர்தான். அதே ஆய்வு மறுபக்கத்தையும் சொன்னது: சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது, ஆனால் இரத்தக்கட்டி போன்ற கடுமையான சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம் வந்தன.

ஆகவே முதலில் தொடைத் தசைக்குப் பலம் கொடுக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குவது மிக எளிய பயிற்சி. அதை இரண்டு காலுக்கும் காலையும் மாலையும் செய்தாலே வித்தியாசம் தெரியத் தொடங்கும், அதற்குச் சில வாரப் பொறுமை வேண்டும். ஊன்றுகோலை வலியில்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கத்தில் பிடிப்பதுதான் பலருடைய வழக்கம், அதனால் பாரம் குறையாது. எடை கூடியவர்கள் சில கிலோ குறைத்தாலும் முழங்காலில் அது மூன்று மடங்காகக் குறையும்.

இவ்வளவும் செய்தபின்பும் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வீட்டுக்குள் நடமாடவே சிரமம், கால் வளைந்துகொண்டே போவது, எக்ஸ்ரேயில் இரண்டு எலும்பும் ஒட்டியிருப்பது என்றால் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச நேரம் வந்துவிட்டது. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. படம் மோசமாக இருந்தும் நன்றாக நடக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மலைச்சரிவில் வாழ்கிறவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வெளியேறுங்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. இரவில், மழையில், வழுக்கும் படியில் இறங்கி ஓட முடியாதவர்கள் இருக்கும் வீட்டில் அந்த எச்சரிக்கையைக் கேட்டுப் பாருங்கள். நடக்க முடிவது இங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

பெர்லினிலிருந்து மும்பை வரை

செயற்கை முழங்கால் என்ற எண்ணம் பழையது. 1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்கிளஸ் குளுக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் காசநோயால் அழிந்த முழங்கால்களுக்கு யானைத் தந்தத்தில் செய்த கீல் மூட்டைப் பொருத்திப் பார்த்தார். கிருமி தொற்றி அந்த முயற்சி தோற்றது. இங்கிலாந்தில் ஜோன் சார்ன்லி 1960களில் இடுப்பு மூட்டை உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்து காட்டியபின்தான் வழி திறந்தது. அவரிடம் வேலை செய்த கனடா நாட்டவர் பிராங்க் கன்ஸ்டன் அதே பொருட்களை முழங்காலுக்குக் கொண்டுவந்தார். இன்றைய மூட்டின் மூல வடிவம் 1974இல் நியூயோர்க்கில் உருவானது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவர் மத்தியப் பிரதேசத்தில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத்.

இந்தியாவில் இந்தச் சிகிச்சை வீட்டுப் பேச்சானதும் அதே ரணாவத்தால்தான். 2000 ஒக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி வைத்தியசாலையில், அப்போது 75 வயதாயிருந்த பிரதமர் வாஜ்பாயின் இடது முழங்காலை மாற்ற அவர் நியூயோர்க்கிலிருந்து வந்தார். வலது முழங்காலை 2001 ஜூனில் மாற்றினார். இரண்டுக்கும் நடுவே எட்டு மாதங்கள். நாட்டின் பிரதமருக்கே ஒரு காலைத் தேற்றிவிட்டுத்தான் மறு காலைத் தொட்டார்கள் என்பதை, இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட முடியாதா என்று கேட்கிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு, ஆனால் அதற்கு உடல்நிலை மிக நன்றாக இருக்க வேண்டும்.

முழங்காலை மாற்றுவது என்றதும் காலை வெட்டி எடுத்து வேறு கால் வைப்பார்கள் என்று பயப்படுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். பல் டொக்டர் சொத்தைப் பல்லின் மேற்பகுதியைச் சீவிவிட்டு மூடி போடுவதைப் போன்றதுதான் இது. தொடை எலும்பின் முனையிலும் கீழ் எலும்பின் தலையிலும் சுமார் ஒரு சென்டிமீற்றர் அளவுக்குச் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோக உறை, கீழே பெரும்பாலும் டைட்டேனியத் தட்டு, நடுவே கடினமான பொலிஎதிலீன் பிளாஸ்டிக். எலும்போடு இவை ஒரு வகைச் சீமெந்தால் ஒட்டப்படும். வளைந்திருந்த கால் அப்போதே நேராக்கப்படும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்தே பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை.

எவ்வளவு காலம் உழைக்கும்? 2019இல் தேசியப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மாற்றிய முழங்கால்களில் நூற்றுக்கு 82 அளவில் 25 வருடங்களுக்குப் பிறகும் நிலைத்திருந்தன. ஆறுதலான கணக்கு. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மூட்டு நன்றாகப் பொருந்தியிருந்தும், மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் எதிர்பார்த்த திருப்தி கிடைக்கவில்லை என்கிறார். இதை முன்கூட்டியே சொல்லாத டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

காசும் காத்திருப்பும்

இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஊவாவில் பதுளை போதனா வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்தான் முதல் வாசல். தோட்ட டிஸ்பென்சரியிலிருந்தோ பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்தோ கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. கட்டணம் இல்லாவிட்டாலும் பொருத்தும் மூட்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பொருள். கையிருப்பு இல்லாத காலத்தில் நோயாளி அதைத் தன் காசில் தேடிக்கொள்ள வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையே அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. அப்படி நிற்கும்போது முதலில் தள்ளிப்போவது முழங்கால்தான், ஏனென்றால் அதனால் யாரும் உடனே இறப்பதில்லை. தள்ளிப்போன ஒவ்வொரு மாதமும் கால் இன்னும் வளையும், தசை இன்னும் மெலியும்.

மூட்டை வாங்கித் தர வேண்டும் என்று சொல்லப்பட்டால் உடனே கடன் வாங்க ஓட வேண்டாம். ஜனாதிபதி நிதியத்திலிருந்து மருத்துவ உதவி கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். 2025 பெப்ரவரியிலிருந்து அதற்கான விண்ணப்பங்களைக் கொழும்புக்குப் போகாமல் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வைத்தியசாலையின் சமூக சேவைப் பிரிவிலும் கேளுங்கள்.

சென்னைக்கோ திருச்சிக்கோ போய்ச் செய்துகொள்ளலாமா என்று யோசிக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. இந்திய அரசு 2017 ஓகஸ்டில் செயற்கை முழங்காலுக்கு உச்சவிலை விதித்தது. ஒன்றரை இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டு 54,720 ரூபாய்க்கு இறங்கியது. ஒரு அரசாங்கம் நினைத்தால் விலையை மூன்றில் ஒன்றாக்கலாம் என்பதை இலங்கையில் மருந்து விலையை நிர்ணயிப்பவர்களும் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த உச்சவிலை மூட்டுக்கு மட்டும்தான், ஆஸ்பத்திரிச் செலவு வேறு. திரும்பி வந்தபின் காயத்தையும் நடையையும் பார்க்க வேண்டியவர் கடலுக்கு அப்பால் இருப்பார். பதுளையில் காத்திருந்து செய்துகொள்வதே பெரும்பாலான குடும்பங்களுக்கு நல்லது என்பது என் கருத்து.

போவதற்கு முன்

திகதி கிடைத்ததும் உடம்பையும் வீட்டையும் சேர்த்தே தயார் செய்ய வேண்டும். உடம்பில் முதலில் இரத்தம். தோட்டப் பெண்களிடம் இரத்தச்சோகை சாதாரணம். அதோடு தியேட்டருக்குப் போனால் இரத்தம் ஏற்ற வேண்டி வரும், தேறுவதும் தாமதமாகும். ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே பரிசோதித்து இரும்புச் சத்து மாத்திரை எடுக்க வேண்டும். சீனி வியாதி இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்த நிபுணரும் கத்தியைத் தொடமாட்டார்.

அடுத்தது பல்லும் காலும். செயற்கை மூட்டுக்குப் பெரிய எதிரி கிருமி. நூற்றில் ஒருவர், இருவருக்கு அது தொற்றுகிறது. தொற்றினால் திரும்பத் திறந்து கழுவ வேண்டும், சில வேளை மூட்டையே கழற்ற வேண்டும். சொத்தைப் பல், வெற்றிலையால் கெட்ட ஈறு, அட்டை கடித்துச் சொறிந்த புண், சேற்றில் நின்று விரலிடுக்கில் வந்த சேற்றுப்புண், சிறுநீர்த் தொற்று, இவை எதிலிருந்தும் கிருமி இரத்தம் வழியாக மூட்டைத் தேடிப் போகலாம். சின்னப் புண்தானே என்று மறைக்காமல் டொக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு அட்டைக்கடிப் புண்ணுக்காகத் திகதியைத் தள்ளிப் போட்டால் கோபப்படக் கூடாது. அந்த டொக்டர் உங்களைக் காப்பாற்றுகிறார்.

திகதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கேளுங்கள். ஊவாவில் அது கச்சான் காற்று வீசும் காய்ந்த காலம். ஒக்டோபரில் தொடங்கும் மழையில் லயத்துப் படிகள் பாசி பிடித்து வழுக்கும். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளும் வீட்டில் இருப்பார்கள்.

வீட்டில் முதல் பிரச்சினை கக்கூசு. புதிய முழங்கால் பெரும்பாலும் 110, 120 பாகை வரை மடங்கும். குந்தி உட்கார அதைவிட மிக அதிகமாக மடங்க வேண்டும். ஆகவே குந்துவது இனி இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கொமட் போட வசதியில்லாவிட்டால் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டிய பலமான கதிரையைக் கக்கூசின் மேல் வைக்கலாம். தோட்டத்துத் தச்சுவேலைக்காரர் ஒரு நாளில் செய்து தருவார். அதை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே செய்து, வீட்டார் உட்கார்ந்து பார்த்து, ஆடாமல் நிற்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். லயத்துக் கக்கூசுகள் வீட்டைவிட்டுத் தள்ளி, நாலைந்து படி கீழே இருப்பதுதான் வழக்கம். முதல் சில வாரம் இரவில் அங்கே போகாமல், அதே கதிரைக்குக் கீழே வாளி வைத்து இஸ்தோப்பு மூலையில் ஒரு மறைப்புக் கட்டுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

பாயில் படுக்கிறவருக்குக் கட்டில் தேவை, இரவல் வாங்கியாவது. உட்காரும் கதிரை உயரமாக இருக்க வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் கதிரையை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் உயரமும் வரும், பலமும் வரும். அடுப்பை மேசை உயரத்துக்கு உயர்த்துங்கள். படிக்கட்டின் ஓரத்தில் இரண்டு கம்பு நட்டு ஒரு மூங்கிலைக் கட்டினால் கைப்பிடி ஆகிவிடும்.

சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவதும் தயாரிப்பில் சேரும். வாட்டில் தாதி சொல்வது புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தால் பயிற்சியும் போய்விடும், மருந்தும் மாறிவிடும். தமிழில் சொல்லும்படி கேட்க உரிமை இருக்கிறது, கேளுங்கள். சொல்ல ஆள் இல்லாத நேரத்துக்கு உங்கள் ஆள் வேண்டும்.

ஆறு வாரம்

சத்திரசிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ எழுப்பி வோக்கரோடு நிற்க வைப்பார்கள். இது கொடுமை என்று சொந்தக்காரர்கள் சண்டைக்குப் போக வேண்டாம். படுத்தே கிடந்தால் காலின் நாளத்தில் இரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும், மூட்டு இறுகும். சிக்கல் எதுவும் இல்லையென்றால் சில நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். தையல் பிரிப்பது சுமார் இரண்டு வாரத்தில், அதைப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே செய்யலாமா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். குலுங்கும் பஸ்ஸில் பதுளைவரை போய் வருவதைத் தவிர்க்கலாம்.

இனி நடப்பதுதான் சிகிச்சையின் பாதி. பதுளையில் பிசியோதெரபிக்கு வாரம் இருமுறை வரச் சொன்னால் மடுல்சீமையிலிருந்து எத்தனை பேரால் வர முடியும்? ஓட்டோக் கூலியே ஒரு நாள் சம்பளத்தை விழுங்கும். ஆகவே பயிற்சியை ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொண்டு வர வேண்டும். கூடப் போகும் மகனோ மகளோ அதைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

பயிற்சிகள் எளியவை. படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, இது இரத்தம் கட்டாமலிருக்க. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துவாயை வைத்து முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்துவது. குதிகாலைக் கட்டிலோடு இழுத்து முழங்காலை மடக்குவது. காலை நேராக வைத்தபடி ஒரு சாண் தூக்குவது. இவற்றை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். வலிக்கும். வலி மாத்திரையைப் போட்டு அரை மணி கழித்துச் செய்தால் தாங்கலாம். முழங்காலை மடக்குவதில் எல்லோரும் கவனம் வைக்கிறார்கள், அதை முழுதாக நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். நீளாத காலால் நொண்டித்தான் நடக்க முடியும். அதனால் இதமாக இருக்கிறது என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. பாட்டி மேல் உள்ள பாசத்தில் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

படிக்கட்டுக்கு ஒரு முறை உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில். பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், அவர்கள் பாட்டியைத் தவறவிட மாட்டார்கள்.

பெரும்பாலோர் ஆறு வாரமளவில் வோக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வருவார்கள், மூன்று மாதத்தில் வீட்டு வேலைக்குத் திரும்புவார்கள். வீக்கமும் சூடும் பல மாதம் இருக்கலாம். தழும்பின் வெளிப்பக்கம் ஒரு கையகல இடம் மரத்துப் போயிருக்கும், உள்ளே சில நேரம் டிக் என்று சத்தம் கேட்கும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும்.

பயப்பட வேண்டியவை வேறு. கெண்டைச் சதை திடீரென வீங்கி இறுகுவது, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், காயத்தில் சீழ் அல்லது நிற்காத நீர்க்கசிவு, குளிர் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலியும் சிவப்பும். மூச்சுத்திணறினால் இரவென்று பாராமல் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள், மற்றவற்றுக்கு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயத்தின்மேல் எண்ணெய், மஞ்சள், பத்து எதுவும் போடக்கூடாது. டிஸ்பென்சரியில் அன்டிபயோட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தவும் கூடாது.

தேறியபின்பும் கோயிலில் சம்மணம் போட்டு உட்கார முடியாது, விழுந்து கும்பிடுவது சிரமம். ஒரு கதிரை கேளுங்கள். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் கதிரையில் இருப்பது மரியாதையில்லை என்று கூசுகிற பெரியவர்களை அறிவேன். சாமி கோபிக்காது.

மலைக்குத் திரும்பலாமா?

எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் கேள்வி இது. நடக்கலாம், சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும். கூடையோடு செங்குத்தான மலையில் ஏறி இறங்கும் வேலைக்குப் புதிய மூட்டு ஏற்றதில்லை. பாரமும் இறக்கமும் நடுவில் உள்ள பிளாஸ்டிக்கைத் தேய்க்கும். விழுந்தால் மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு உடையும், அதைச் சரிசெய்வது முதல் சத்திரசிகிச்சையைவிடக் கடினம். இன்னும் பேர் போடும் வயதில் இருக்கும் பெண்ணுக்குத் தவறணையிலோ பிள்ளைக்காம்பராவிலோ வேலை கொடுக்கத் தோட்ட நிர்வாகத்தால் முடியும். டொக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்து, தொழிற்சங்கத் தலைவர் மூலம் கேட்க வேண்டும். இருபது, முப்பது வருடம் அந்த மலையில் தேய்ந்த முழங்காலுக்குத் தோட்டம் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அது.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையால், மருத்துவ மாது வீடு தேடிப் போய்க் கர்ப்பிணியையும் பிள்ளையையும் பார்ப்பது இந்த நாட்டின் பெருமையாக வளர்ந்தது. இன்று தோட்டங்களுக்கும் அவர்கள் வருகிறார்கள். பிள்ளையை நிறுக்க லயத்துக்கு வரும் அதே பாதையில், முழங்கால் மாற்றிக்கொண்ட அம்மாவின் காயத்தைப் பார்க்கவும் கால் எவ்வளவு நீள்கிறது என்று பார்க்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் முதல் ஆறு வாரத்தில் மூன்று முறை வந்தால் போதும். பதுளையின் பிசியோதெரபி அறை பசறைக்கும் ஹப்புத்தளைக்கும் மாதம் ஒரு நாளாவது நகர்ந்து வரலாம். புதிதாகத் தனிக் காணியில் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டங்களில், முதியவர் உள்ள வீட்டுக்கு முதல் நாளிலேயே கொமட் வைக்கலாம். பிறகு உடைத்து மாற்றும் செலவைவிட அது மலிவு.

இவையெல்லாம் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. எலும்பியல் கிளினிக்கில் பெயர், வயது, பிரஷர், சீனி எல்லாம் எழுதுகிறார்கள். அதற்குக் கீழே தமிழில் கேட்டு நாலு வரி சேர்க்கலாம்: ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி? வீட்டிலிருந்து கக்கூசுக்கு எத்தனை படி? குந்தும் கக்கூசா, கொமட்டா? பகலில் கூட யார் இருப்பார்கள்? எழுத இரண்டு நிமிடம் ஆகும். அந்தப் பதில்களைப் பார்த்துவிட்டு டொக்டர் திகதியை மழைக்கு முன்னால் தள்ளலாம், இரண்டு நாள் கூடுதலாக வாட்டில் வைத்திருக்கலாம், கொமட் கதிரை ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொல்லலாம், அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டுத் தரும்படி தோட்டத் துரைக்கு ஒரு கடிதமும் எழுதலாம்.